உத்தரத் துண்டைத் தாங்கல் தெரியாமல் சுவரில் ஏற்ற 4 நூல் கம்பி போதுமா?

திண்ணைக்காரன் | 3 பிப்ரவரி 2024, காலை 10.15

காரைக்குடியில் பழைய மரக்கடையில் எடுத்த தேக்கு உத்தரத் துண்டு. நீளம் 6 அடி, அகலம் 8 அங்குலம், தடிமன் 5 அங்குலம். ஹால் சுவரில் 5 அடி உயரத்தில் ஷெல்ஃபாக வரவேண்டும். 8 அங்குலமும் முன்னால் நீட்டி நிற்கும். மேலே பித்தளைக் குடம், இரண்டு குத்துவிளக்கு, கொஞ்சம் புத்தகம். கீழே எந்தத் தாங்கலும் கண்ணில் படக்கூடாது.

மேஸ்திரி சொல்வது: 4 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) டி.எம்.டி. கம்பி மூன்று, சுவருக்குள் 4 அங்குலம், சிமெண்ட் வைத்து அடை, மறுநாள் மரத்தைச் செருகு. செங்கல் சுவர். போதுமா?

இழைப்புளி | 3 பிப்ரவரி, காலை 11.40

போதாது. கம்பியின் கனம், ஆழம், சிமெண்ட், "மறுநாள்" என்று நாலு இடத்திலும் போதாது.

முதலில் எடை. 6 அடி × 8 அங்குலம் × 5 அங்குலம் என்றால் 1.67 கன அடி. காய்ந்த தேக்கு கன அடிக்கு 18 முதல் 20 கிலோ. மரம் மட்டும் 31 கிலோ என்று வையுங்கள். (வேங்கையாக இருந்தால் கன அடி 22 கிலோவைத் தாண்டும். கடைக்காரர் தேக்கு என்றாலும் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள்.) சாமான் 30 கிலோ. மொத்தம் 61. இந்தப் பாரம் சுவரிலிருந்து சராசரி 4 அங்குலம் தள்ளி நிற்கிறது. 61 × 4 = 244 கிலோ-அங்குலம். சுவரைப் பிடுங்கப் பார்ப்பது இந்த 244தான், 61 இல்லை.

இப்படி ஏற்றிய மரம் கம்பி ஒடிந்து விழுவது அபூர்வம். முகம் தொங்கிப்போவதுதான் வழக்கம். சுவரின் முதல் ஒரு அங்குலத்தில் கம்பியின் அடிப்பக்கம் செங்கலை நசுக்கும், ஓட்டை முட்டை வடிவமாகும், மரம் முன்பக்கம் சாயும். 4 அங்குல ஆழத்தை 6 ஆக்கினால், அந்த வாய்ப்பகுதியில் விழும் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆழத்தைச் செங்கல் முகத்திலிருந்து அளக்கவேண்டும். பூச்சு கணக்கில் சேராது.

சிமெண்ட்: காய்ந்த செங்கல் தண்ணீரை உறிஞ்சிவிடும், உள்ளே வைத்த கலவை இறுகாமல் மாவாக நிற்கும், சுருங்கவும் செய்யும். ஓட்டையை நனைத்து, சுருங்காத கிரவுட் வைத்து, 7 நாள் விட்டால் ஓரளவு சரி. அதைவிட கெமிக்கல் ஆங்கர் குழம்பு (இரண்டு பொருள் கலந்ததும் கல்லாக இறுகும் பசை) மேல்.

16 மி.மீ. டி.எம்.டி. மூன்று, 6 அங்குல ஆழம். அவ்வளவுதான்.

சுவர்ப்பல்லி | 3 பிப்ரவரி, மதியம் 2.05

டி.எம்.டி.யா? 16 மி.மீ. கம்பிக்கு வரிமேட்டின் மேல் அளந்தால் 18 மி.மீ. பக்கம் வரும். மரத்தில் 17 மி.மீ. ஓட்டை போட்டுவிட்டு கொட்டாப்புளியால் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 18 போட்டால் ஒரு கம்பி லொடலொடக்கும், பக்கத்துக் கம்பி நுழையாது. மரத்துக்குள் போகும் பாதி வழவழப்பான உருண்டைக் கம்பியாக இருக்கணும்.

இன்னொன்று. 5 அடி உயரம் என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கை எட்டும். எட்டினால் தொங்கும். உங்கள் 244இல் அது எங்கே?

இழைப்புளி | 3 பிப்ரவரி, மாலை 6.30

வரிக்கம்பி விஷயம் என் தவறு, திருத்திக்கொள்கிறேன். வழவழப்பான 16 மி.மீ. உருண்டைக் கம்பி. சுவருக்குள் போகும் 6 அங்குலத்தில் மட்டும் அரை அங்குலத்துக்கு ஒன்றாக ரம்பத்தால் மெல்லக் கீறிவிடுங்கள், குழம்பு பிடிக்கும். ஆழமாகக் கீறவேண்டாம், சுவர் முகத்தை ஒட்டிய ஒரு அங்குலத்தில் கீறலே வேண்டாம். வளைவு அங்கேதான் உச்சம்.

பிள்ளைக் கணக்கு: 25 கிலோ, முன்விளிம்பு, 8 அங்குலம். 25 × 8 = 200. வீட்டுச் சாமான் முழுவதும் மரத்தோடு சேர்ந்து 244, ஒரே பிள்ளை 200. மொத்தம் 444. அதுவும் ஓரத்தில் தொங்கினால் மூன்று கம்பியும் பங்கு போடாது, ஓரக் கம்பியே பெரும்பாலும் சுமக்கும். இந்தக் கணக்கில் சாதா இரும்பில் 12 மி.மீ. கம்பி வளைந்தேவிடும். 16 தாங்கும். வளைவைத் தாங்கும் வலு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், 12க்கும் 16க்கும் வித்தியாசம் 2.37 மடங்கு. 4 நூலா 5 நூலா என்பது ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

ஐந்துநூல் | 3 பிப்ரவரி, இரவு 9.10

திரெட் ராடு போடலாமே? மரை இருப்பதால் குழம்பு நன்றாகப் பிடிக்கும்.

சுவர்ப்பல்லி | 3 பிப்ரவரி, இரவு 9.25

போடலாம். ஆனால் எம்16 திரெட் ராடின் மரைக்கு அடியில் இருக்கும் கரு ஏறக்குறைய 13.5 மி.மீ.தான். கடையில் பேர் தெரியாமல் கிடைக்கும் சாதா ராடு, பிள்ளைக் கணக்கில் வளையும் எல்லைக்குப் போய்விடும். 8.8 தரம் (வலு கூடிய இரும்பு) என்று கேட்டு வாங்கினால் கவலை இல்லை. கடற்கரை ஊர் என்றால் துரு எளிதில் ஏறாத எஸ்.எஸ். 316.

இழைப்புளி | 4 பிப்ரவரி, காலை 7.50

வேலை வரிசை. இங்கேதான் பாதிப்பேர் சொதப்புகிறார்கள். மரத்தில் அழகாக அளந்து மூன்று ஓட்டை போட்டுவிட்டு அதே அளவைச் சுவரில் குறிப்பார்கள். செங்கல் பிட்டை இழுத்துக்கொண்டு போகும். 2 நூல் தள்ளிப்போனால் மரம் நுழையாது. சுவர் முதலில், மரம் பிறகு. சுவரில் வந்த இடம் எதுவோ அதுதான் மரத்துக்கும் இடம்.

1. வயர் போகும் தடம் பாருங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் 6 அங்குலப் பட்டையில் டிரில் வைக்கவேண்டாம். டிடெக்டர் இருந்தால் ஓட்டுங்கள்.

2. ரசமட்டத்தில் ஒரு கோடு. இரண்டு ஓரத்திலிருந்தும் 10 அங்குலம் உள்ளே ஒவ்வொன்று, நடுவில் ஒன்று.

3. முதலில் 6 மி.மீ. பிட்டால் ஒரு அங்குலம் மட்டும் போட்டு, வரும் தூளைப் பாருங்கள். பூச்சு தாண்டியதும் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூளே தொடர்ந்து வந்தால் இணைப்பில் நிற்கிறீர்கள், ஒன்றரை அங்குலம் மேலே அல்லது கீழே நகருங்கள். மூன்று கம்பியும் ஒரே கோட்டில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. 5 அங்குல மரத்தில் மேலும் கீழும் ஒன்றரை அங்குலம் மரம் மிஞ்சினால் போதும்.

4. பிறகு 18 மி.மீ. பிட். ரோட்டரி ஹேமரில் அடி விசையை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள், வாய் உடையாது. ஆழம் பூச்சுடன் சேர்த்து ஆறே முக்கால் அங்குலம். பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம்.

5. தூள். எல்லாரும் அவசரப்படும் இடம் இது. சைக்கிள் பம்பின் வாயில் மெல்லிய டியூப் மாட்டி, அடியிலிருந்து ஊது. பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் தேய். மறுபடி ஊது. மறுபடி தேய். மறுபடி ஊது. தூள் இருந்தால் குழம்பு தூளைப் பிடிக்கும், செங்கலைப் பிடிக்காது.

இழைப்புளி | 4 பிப்ரவரி, காலை 8.35

மேலே எழுதியதன் தொடர்ச்சி, டீ குடித்துவிட்டு.

6. ஓட்டையில் கம்பிகளைச் சும்மா செருகி, நுனியில் சாக்பீஸ் தடவி, 6 அடி பிளைவுட் பட்டையை அழுத்துங்கள். மூன்று புள்ளி விழும். அந்தப் பட்டைக்கு அடியில் இன்னொரு பட்டை வைத்து, இரண்டையும் கிளாம்ப் போட்டு ஒரே குத்தில் 16 மி.மீ. ஓட்டை. இரண்டு பட்டைக்கும் நடுவே 5 அங்குலக் கட்டைகள் வைத்து ஆணி அடித்தால் ஏணி மாதிரி ஒரு சட்டம் கிடைக்கும். கம்பிகள் இதற்குள் நின்றால் மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாகத்தான் நிற்கும்.

7. குழம்பு: குப்பியிலிருந்து முதலில் வரும் நாலைந்து அமுக்கு வீண். இரண்டு நிறமும் ஒரே நிறமாகக் கலந்து வந்தபிறகுதான் ஓட்டைக்குள். அடியிலிருந்து தொடங்கி மூன்றில் இரண்டு பங்கு நிரப்பு. ஓட்டைக்கு 25 மி.லி. போகும், மூன்றுக்கு ஒரு குப்பி தாராளம். 40 மி.லி. போயும் நிறையவில்லை என்றால் உள்ளே பொந்து இருக்கிறது, நிறுத்துங்கள். வலைக்குழாய் (குழம்பு பொந்துக்குள் ஓடிவிடாமல் பிடிக்கும் வலை உறை) போடாமல் மேலே போகவேண்டாம்.

8. கம்பியைத் திருகிக்கொண்டே நுழைத்து, சட்டத்தை மாட்டி, ரசமட்டம் வைத்து, முட்டுக் கொடுத்து விடுங்கள். நம் ஊர் வெயிலில் வேகமான ரகம் இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும். மூன்று கம்பிக்கு அது பத்தாது. மெதுவாக இறுகும் எபாக்சி ரகம் வாங்குங்கள். குப்பியின் மேலே வெப்பநிலைக்குத் தக்க நேரம் அச்சடித்திருக்கும், காலாவதித் தேதியும்.

9. சட்டத்தின் ஒரு பட்டையைக் கழற்றி மரத்தின் முதுகில் வைத்துக் குறித்து, ஆகர் பிட்டால் 17 மி.மீ., ஆறரை அங்குல ஆழம். முன்முகத்துக்கு ஒன்றரை அங்குலம் மிஞ்சும். பிட் செங்குத்தாக இறங்க, மரப்பட்டறையில் டிரில் பிரஸ்ஸில் துளைத்த ஒரு 3 அங்குலக் கட்டையை வழிகாட்டியாக வையுங்கள். கண்மதிப்பு உதவாது.

ஐந்துநூல் | 4 பிப்ரவரி, காலை 10.00

17 எதுக்கு, 18 போட்டால் எளிதாக நுழையுமே.

இழைப்புளி | 4 பிப்ரவரி, காலை 10.20

எளிதாக நுழையும், எளிதாகத் தொங்கும். 6 அங்குலம் நுழையும் கம்பியில் 1 மி.மீ. இடைவெளி இருந்தால் 8 அங்குலம் தள்ளி முன்விளிம்பு 1.3 மி.மீ. வரை இறங்க இடம் கிடைக்கும். 2 மி.மீ. என்றால் 2.7. தூரத்திலிருந்தே தெரியும். இத்தனைக்கும் கம்பி தானாக வளைவது அரை மி.மீ. கூட இல்லை. கம்பியைக் குறை சொல்லும் தொங்கல் எல்லாம் ஓட்டையின் தொங்கல்.

திண்ணைக்காரன் | 4 பிப்ரவரி, மாலை 5.45

கதவு நிலைக்குப் பக்கத்தில் சுவரை அளந்தேன். இரண்டு பக்கப் பூச்சும் சேர்த்து ஐந்தே முக்கால் அங்குலம். இது 9 அங்குலச் சுவர் இல்லை போலிருக்கிறதே?

சுவர்ப்பல்லி | 4 பிப்ரவரி, மாலை 5.52

நாலரை அங்குலச் சுவர். ஆறே முக்கால் அங்குல ஓட்டை போட்டிருந்தால் அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்திருப்பார்.

இழைப்புளி | 4 பிப்ரவரி, இரவு 8.15

முதல் கேள்வியே அதுவாக இருந்திருக்க வேண்டும், கேட்காமல் ஒன்பது படி எழுதிவிட்டேன். 9 அங்குலச் சுவர் உள்ளவர்களுக்கு அது பயன்படட்டும்.

அரைச்செங்கல் சுவரில் கம்பி வழி கிடையாது. 4 அங்குலத்துக்குமேல் இறங்கமுடியாது. 444 கணக்கில் அந்த ஆழத்தில் சாதாரண நாட்டுச் செங்கல் நசுங்கும் எல்லைக்கு வந்துவிடும். மறுபக்கம் வரை துளைத்து தகடும் நட்டும் வைக்கலாம், பலம் உண்டு, ஆனால் அந்தப் பக்கத்தில் தகடு தெரியும்.

மிஞ்சுவது சாய்வெட்டுப் பட்டை. ஒரு பலகையை நீளவாக்கில் 45 பாகையில் அறுத்தால் இரண்டு பட்டை. ஒன்று சாய்வு மேலே, சுவர்ப்பக்கம் பள்ளமாக வரும்படி சுவரில். மற்றது தலைகீழாக மரத்தின் முதுகில் குடைந்த பள்ளத்துக்குள். தூக்கி மாட்டினால் கொக்கி மாதிரி உட்காரும். மரத்தின் எடையே அதைச் சுவரோடு இழுத்து இறுக்கும்.

கணக்கு: மரத்தின் கீழ்விளிம்பு சுவரில் அழுந்தும், ஸ்க்ரூ வரிசை மேலே இழுபடும். இரண்டுக்கும் இடையே மூன்றரை அங்குலம் என்று வைத்தால் 444 ÷ 3.5 = 127 கிலோ. 8 ஸ்க்ரூ போட்டால் ஒன்றுக்கு 16.

சுவர்ப்பல்லி | 4 பிப்ரவரி, இரவு 9.30

மூன்றரை வராது. படம் போட்டுப் பாருங்கள். மரப்பட்டை பள்ளத்தின் மேல்பாதியில், சுவர்ப்பட்டை அதற்குக் கீழே. அதற்கும் கீழே தூக்கி மாட்ட வெற்றிடம் விடணும். 5 அங்குல மரத்தில் சுவர்ப்பட்டையின் ஸ்க்ரூ வரிசை கீழ்விளிம்பிலிருந்து இரண்டரை அங்குலத்தில்தான் விழும்.

இழைப்புளி | 4 பிப்ரவரி, இரவு 10.05

சரிதான். 444 ÷ 2.5 = 178. 8க்கு 22, 10 போட்டால் 18 கிலோ. நல்ல செங்கலில் 10 மி.மீ. நைலான் பிளக் தாராளமாகத் தாங்கும். 10 போடுங்கள், இரண்டு ஓரத்திலும் நெருக்கமாக.

அளவுகள்: பள்ளம் 66 அங்குல நீளம் (இரண்டு ஓரமும் 3 அங்குலம் மூடியே இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது), மூன்றரை அங்குல உயரம், 7 நூல் ஆழம். பட்டைகள் 6 நூல் கனம், காய்ந்த தேக்கு அல்லது வேங்கை, பள்ளத்தைவிட அரை அங்குலம் குட்டை. பள்ளத்துக்குள் மரப்பட்டை 1 அங்குல உயரம், சுவர்ப்பட்டை ஒன்றரை, கீழே 7 நூல் காலி. இந்தக் காலியிடத்தை மறப்பதுதான் இதில் நடக்கும் பெரிய சொதப்பல். எல்லாம் அளவாக இருக்கும், மரம் மட்டும் பட்டைமேல் ஏறாது.

பள்ளம் 7, பட்டை 6 என்று ஒரு நூல் வித்தியாசம் வேண்டுமென்றே. பட்டையும் பள்ளமும் சம அளவானால் கீழ்விளிம்பு சுவரைத் தொடாமல் நின்றுவிடும், கணக்கே கவிழும். இந்த இடைவெளி இருப்பதால் மரம் சாய்வில் வழுக்கி முதுகு சுவரில் முட்டும்வரை உள்ளே வரும், ஆனால் இரண்டு பட்டையும் நேருக்கு நேர் பொருந்தும் இடத்தைவிட ஒரு நூல் மேலே நிற்கும். சுவர்ப்பட்டையை அதற்குத் தக்க ஒரு நூல் தாழ்த்தி அடியுங்கள்.

ஸ்க்ரூ 100 மி.மீ. பட்டையில் 19, பூச்சில் 12 முதல் 15 போக, செங்கலில் 65க்கு மேல் நிற்கும். டிரில் இங்கேயும் அடி விசை இல்லாமல். அரைச்செங்கல் சுவரில் ஹேமர் போட்டால் மறுபக்கப் பூச்சு தட்டையாகப் பெயர்ந்து விழும்.

ஐந்துநூல் | 5 பிப்ரவரி, காலை 9.00

அப்படியென்றால் கம்பி எதுக்கு? எல்லாருக்கும் பட்டையே சொல்லிவிடலாமே.

இழைப்புளி | 5 பிப்ரவரி, காலை 9.45

இரவு யோசித்ததும் அதுதான். முதல் நாள் கம்பிதான் என்று அடித்துச் சொன்னேன். இப்போது பிரித்துச் சொல்கிறேன்: மரம் 4 அங்குலமோ அதற்கு மேலோ தடிமன் என்றால் எந்தச் சுவரிலும் பட்டையே மேல். தூக்கினால் கழன்றுவரும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம், மட்டம் திருத்தலாம். 2 அங்குலப் பலகை என்றால் பட்டைக்கு இடமே இல்லை, அங்கே கம்பி மட்டும்தான், 9 அங்குலச் சுவரில் மட்டும்தான். கம்பி வழியில் மரத்தை எபாக்சி போட்டு ஒட்டிவிடாதீர்கள். அடிப்பக்கத்திலிருந்து நடுக்கம்பியை முட்டும் ஒரு ஸ்க்ரூ, மேலே தேக்கு மூடி, போதும்.

ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான சிமெண்ட் கல்) சுவருக்கு இந்த 18 கிலோ பொருந்தாது. ஹாலோவில் ஓடு ஒன்றேகால் அங்குலம்தான், வலைக்குழாயும் குழம்பும் வேண்டும். ஏ.ஏ.சி.க்கென்றே தனி நீள பிளக் வருகிறது, அடிக்காமல் சுற்றித் துளைக்கவேண்டும்.

திண்ணைக்காரன் | 6 பிப்ரவரி, மாலை 4.20

பட்டைதான். ரவுட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. பள்ளம் குடையுமுன் ஏதாவது?

சுவர்ப்பல்லி | 6 பிப்ரவரி, மாலை 4.50

காந்தம். பழைய உத்தரத்தில் தலை ஒடிந்த ஆணி மரத்தோடு மரமாகக் கிடக்கும். கருநீலக் கறை தெரியும் இடமெல்லாம் இரும்பு இருக்கும். ஒரு ஆணி போதும் பிட் பல்லிளிக்க. ஒரு தடவைக்கு 2 நூலுக்குமேல் இறக்காதீர்கள்.

உத்தரத்தின் நுனி சுவருக்குள் இருந்த பக்கம் அழுகியிருக்கும். கொட்டாப்புளியால் தட்டுங்கள். நல்ல மரம் கணீர் என்னும், செல்லரித்தது பொத்தென்னும்.

இழைப்புளி | 6 பிப்ரவரி, மாலை 6.10

கடை முற்றத்தில் மழையில் கிடந்திருந்தால் வீட்டுக்குள் குச்சிமேல் அடுக்கி ஒரு மாதம் விடுங்கள். தேக்கு கொஞ்சமாகத்தான் சுருங்கும், ஆனாலும் ஈரத்தில் இழைத்த முதுகு பிறகு திருகும். முதுகை நடுவில் அரை நூல் பள்ளமாக இழைத்தால் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் மட்டும் சுவரைத் தொடும். பூச்சு மேடுபள்ளம் பாதி மறைந்துவிடும்.

ஐந்துநூல் | 6 பிப்ரவரி, இரவு 8.30

இதை உத்தரம் என்பதா விட்டம் என்பதா? எங்கள் பக்கம் விட்டம்.

சுவர்ப்பல்லி | 6 பிப்ரவரி, இரவு 8.41

சுவரிலிருந்து சுவருக்குப் பெரிதாகப் போவதை உத்தரம் என்றும் விட்டம் என்றும் ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வார்கள். ஆறு அடித் துண்டுக்கு அந்தச் சண்டை வேண்டாம். ஒழுங்காக மாட்டினால் உத்தரத்துக்கு உத்தரவாதம்.

திண்ணைக்காரன் | 17 மார்ச் 2024, காலை 11.05

மாட்டியாயிற்று. பள்ளம் குடைந்ததில் 2 கிலோ குறைந்தது. பத்து ஓட்டையில் இரண்டில் சாம்பல் தூள், ஒன்றரை அங்குலம் தள்ள பட்டையில் இடமில்லை. பக்கவாட்டில் 2 அங்குலம் நகர்த்தினேன், அதிலும் ஒன்று சாம்பல்தான்.

இழைப்புளி | 17 மார்ச், மதியம் 12.30

பட்டையில் பக்கவாட்டு நகர்த்தல் செங்குத்து இணைப்பாக இருந்தால்தான் உதவும். படுக்கை இணைப்பென்றால் எவ்வளவு நகர்ந்தாலும் அதே வரிசை. அந்த ஓட்டையில் பிளக்கை நம்பவேண்டாம், குழம்பு வைத்து ஒரு 8 மி.மீ. திரெட் ராடு, பட்டையில் நட்டைப் புதைத்துவிடுங்கள்.

திண்ணைக்காரன் | 17 மார்ச், இரவு 7.15

செய்துவிட்டேன். இடது ஓரம் மேலே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி. கீழ்விளிம்பு முழுக்கச் சுவரைத் தொடுகிறது.

சுவர்ப்பல்லி | 17 மார்ச், இரவு 7.22

கீழே தொட்டால் போதும். மேல் இடைவெளியைச் சிமெண்டால் அடைக்காதீர்கள், அடுத்த முறை கழற்றும்போது பெயிண்டோடு வரும். ஆனால் மரத்தில் பழைய கழுந்துத் துளைகள் இருந்தால் அவற்றை மூடுங்கள். திறந்துவிட்டால் குளவி மண்ணப்பிக் கூடு கட்டிவிடும். பின்பக்க இடைவெளி என் ஆட்களுக்கு.